சாயல் மங்கியவர்கள் யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா,

கடந்த ஞாயிறு மலரில் மனித மாண்பு பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நன்றாகத்தான் தொடங்கியது. கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார், ஆகவே எல்லோரும் மதிப்புக்குரியவர்கள் என்று இரண்டு பந்தி. மூன்றாம் பந்தியில் வந்தது அந்த வரி: “பகுத்தறிவே அந்தச் சாயல், மனவளர்ச்சி குன்றியோரில் அது மங்கிக் கிடப்பதால் அவர்கள் நம் இரக்கத்துக்குரியவர்கள்.” அச்சுக்குப் போகுமுன் உங்கள் அலுவலகத்தில் இதை ஒருவரும் வாசிக்கவில்லையா, வாசித்தும் சரி என்று விட்டீர்களா? இரண்டில் எது என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

என் தம்பிக்கு டவுண் சின்ட்ரோம். 21ஆம் நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டுக்குப் பதில் மூன்று. விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் இதைக் கரும்பலகையில் பல வகுப்புகளுக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். கடவுளின் சாயல் எத்தனையாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. உங்கள் கட்டுரையாளருக்கு அது தெரிந்திருக்கிறது போலும்.

அவர் படித்தவர்தான், மறுக்கவில்லை. அந்த வரியின் மூலம் 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதியது. அவரும் அதைத் தமக்குப் பல நூற்றாண்டு முந்திய புனித அகுஸ்தினாரிடமிருந்து எடுத்தார். புத்தியைப் பாவிக்க இயலாதவர்களில் சாயல் நிழல் மூடி, இல்லையென்னும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று அக்குவினாஸ் எழுதியது உண்மை. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. பாவிகளில் அது இருண்டு உருக்குலைந்திருக்கிறது, நீதிமான்களில்தான் தெளிவாக இருக்கிறது என்று அதே மூச்சில் எழுதியிருக்கிறார். முன்பாதியைப் போட்டுப் பின்பாதியை விட்டால் யாருக்கு வசதி? என் தம்பி மங்கல், எழுதியவரும் அச்சிட்டவரும் பளிச்! கடவுளை அறியவும் நேசிக்கவும் இயல்பிலேயே உள்ள தகுதி எல்லா மனிதருக்கும் பொது என்று அதே அக்குவினாஸ் சொன்னதும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை.

சாயலைப் பற்றிச் சொல்லும் விவிலியத்தின் தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் புத்தி பற்றிய பேச்சே இல்லை. ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் எகிப்திலும் அசீரியாவிலும் தெய்வத்தின் சாயல் என்று பெயர் பெற்றவன் மன்னன். அந்தப் பெருமையை மன்னனிடமிருந்து எடுத்து எல்லார் தலையிலும் வைத்தது இந்த அதிகாரம். உங்கள் கட்டுரையாளர் மறுபடியும் ஒரு பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு மட்டும்தான் என்கிறார். 9ஆம் அதிகாரத்தில், வெள்ளம் வடிந்த பிறகு, மனித இரத்தம் சிந்தக்கூடாது என்பதற்குச் சொல்லப்படும் காரணமும் இதே சாயல்தான். செத்தவன் கெட்டிக்காரனா என்று அங்கே விசாரணை இல்லை. 2006 ஆகஸ்டில் நம் மாவட்டத்து மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களிலும் பத்திரிகைகளில் பெயர்களல்ல, எண்ணிக்கைதான் கொட்டை எழுத்தில் வந்தது.

கோயிலையும் சும்மா விட முடியாது. தம்பியின் வயதுப் பிள்ளைகள் முதல் நன்மை (முதன்முதலாக நற்கருணை) எடுத்த வருடம் அவனை வரிசையில் விடவில்லை. புத்தி தெளியவில்லையாம், பாவம் என்றால் என்னவென்று தெரியாதாம், அதனால் தேவையில்லையாம். அம்மா வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். சுவாமியோடு வாதாட அந்தக் காலத்தில் யாருக்கு வாய் இருந்தது? வீட்டுக்கு வந்த பிறகுதான், “பாவம் தெரிஞ்சவைக்குக் குடுப்பினம், தெரியாதவனுக்கு இல்லையோ” என்று அடுப்படியில் நின்று கேட்டார். பல வருடம் கழித்து வேறொரு சுவாமி வந்து ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தார். அம்மா அப்போது இல்லை.

இப்போது தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பூசை முடிந்ததும் வாங்குகளில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து அலுமாரியில் அடுக்குவது அவன்தான். வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு புத்தகம் தலைகீழாக இருந்தால் திருப்பி வைப்பான். மட்டை கழன்றதைத் தனியே எடுத்து, பசை போடச் சொல்லி என்னிடம் தருவான். அவனுக்கும் புத்தி உண்டு என்று காட்ட இதை எழுதவில்லை. ஒன்றும் செய்யாமல் படுக்கையில் கிடந்தாலும் என் வழக்கு இதுவேதான்.

அப்புறம், கொடுப்பனவு விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேல்மாடி. வலது குறைந்தோரின் உரிமைகளுக்கென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அவர்கள் கட்டடங்களுக்குள் போய்வர வசதி வேண்டுமென்று 2006இல் ஒழுங்குவிதியும் வந்தது. தம்பி கைப்பிடியைப் பிடித்து, படியில் இருந்து இருந்து ஏறினான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்து, “இவருக்குக் கதை விளங்குமோ?” என்றார். “விளங்கும்” என்றான் தம்பி. அடுத்த கேள்வியையும் அவர் என்னிடமே கேட்டார்.

உங்கள் பத்திரிகை மட்டும் என்ன குறைவு? சக்கர நாற்காலி வழங்கும் படங்களைச் சொல்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர், பொன்னாடை போர்த்தியவர் எல்லோரும் பெயர், பதவியோடு வரிசையில். நாற்காலியில் இருக்கும் பிள்ளை மட்டும் ‘மாற்றுத்திறனாளிச் சிறுவன்’. பெற்றவர்கள் அவனுக்குப் பெயர் வைக்கவில்லையா? கடவுளின் சாயலில் இருப்பதால் மனிதர் ஏதோ ஒன்றல்ல, ஒருவர் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 357ஆம் எண் சொல்கிறது. படவிளக்கம் எழுதுபவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அதை ஒருமுறை காட்டுங்கள். (நத்தார் மலரில் வருடாவருடம் நீலக் கண்ணோடு நீங்கள் போடும் இயேசு பாலனைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.)

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கட்டுரையாளரைப் பதில் எழுதச் சொல்லவுமில்லை. எழுதினால் அகுஸ்தினாரிலிருந்து இன்னும் நாலு வரி வரும். கேட்பது இவ்வளவுதான்: இனி அப்படியான படம் போடுமுன் அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் சம்மதம் கேளுங்கள், கிடைத்தால் பெயரையும் போடுங்கள். கிடைக்காவிட்டால் நாற்காலியை மட்டும் போடுங்கள். பிரமுகர்கள் நிற்க இடமும் தாராளமாக இருக்கும்.

இதே விஷயமாக முன்னரும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. இம்முறை கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் அக்குவினாஸை வெட்டுங்கள், படவிளக்கப் பகுதியில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.