பழைய புல்லட்டுக்குப் பக்கப்பெட்டி: முதலில் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களில் கொல்லிமலைக்கு ஏறும் பழைய புல்லட்டுகளில், பின்சக்கரத்தின் இருபுறமும் மாட்டும் கெட்டியான பக்கப்பெட்டிகளை இப்போது நிறையக் காண முடிகிறது. மழையில் துணிமணி நனையாது, பூட்டிவிட்டு நடக்கலாம் என்பதால் அவை பயனுள்ளவையே. ஆனால் அவற்றைப் பொருத்தியிருக்கும் முறை கவலை தருகிறது. பெட்டியின் அளவையும் அழகையும் பார்த்து வாங்குகிறவர்கள், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பட்டறையின் போக்குக்கு விட்டுவிடுகிறார்கள். பழைய வண்டிக்குச் சட்டத்தை முடிவு செய்த பிறகே பெட்டியைத் தேட வேண்டும்.

திருவொற்றியூரில் உருவான, வார்ப்பிரும்பு எஞ்சினும் வலப்புற கியரும் கொண்ட 350 சி.சி. புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் சைலன்ஸர் வலப்புறமும், செயினும் பின்பிரேக் டிரம்மும் இடப்புறமும் இருக்கின்றன. சைலன்ஸர் சூட்டுக்கு அஞ்சி வலப்பெட்டியை வெளியே தள்ளியும், இடப்பெட்டியைச் சக்கரத்தை ஒட்டியும் பொருத்திவிடுகிறார்கள். இரண்டிலும் ஒரே எடையை ஏற்றினாலும், நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகி நிற்கும் பெட்டியே வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த இழுப்பைக் கையால் சமாளித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். இரண்டையும் சம தூரத்தில் வைத்து, சைலன்ஸருக்கும் பெட்டிக்கும் நடுவே காற்றோட்டம் விட்டு ஒரு தகட்டை மறைப்பாகப் பொருத்துவதே சரி.

அதைவிட முக்கியமானது, சுமை எங்கே இறங்குகிறது என்பது. மட்கார்டும் நம்பர் பிளேட் தாங்கியும் பெட்டியின் எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சிலர் சட்டத்தின் மேல்முனையை வண்டியின் குழாய்க்கூடான சேஸிஸிலும், கீழ்முனையை ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டிலும் மாட்டுகிறார்கள். அந்தக் கீழ் போல்ட் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது என்பதால், இரண்டுக்கும் நடுவே சிக்கிய கம்பி சில பள்ளங்களிலேயே வளையும், பிறகு முறியும். ஷாக் அப்சார்பரின் மேல்முனை, பின்னால் அமர்பவரின் கால்மிதி போல்ட் போன்ற அசையாத இடங்களில் சட்டத்தைப் பிடித்து, இருபுறச் சட்டங்களையும் பின்னால் ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்தால் ஆட்டம் அடங்கும். சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைக்கவே கூடாது. அந்தச் சூட்டில் பழைய குழாய் ஒட்டுக்கு அருகே வலுவிழக்கும், பிறகு அதைத் திருப்பவும் முடியாது. கிளாம்பும் போல்ட்டுமே போதும்.

பெட்டி அலுமினியமா ஃபைபரா என்பது அவரவர் விருப்பம். பிஸ்டன் 90 மி.மீ. தூரம் (ஸ்ட்ரோக்) ஏறி இறங்கும் ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் ஃபைபர் பெரும்பாலும் போல்ட் துளையைச் சுற்றித்தான் விரிசல் விடும். ஆகவே உட்புறம் அகலமான தகடும், ரப்பர் வாஷரும், தளராத நைலான் நட்டும் தேவை. சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வேறு வண்டியின் பெட்டியை வாங்குவோர், மூடி மேல்நோக்கித் திறக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பெட்டி மாட்டிய பிறகும் பின் ஆக்ஸில் நட்டுக்கும், செயினை இறுக்கும் நத்தை வடிவக் கேமுக்கும் ஸ்பேனர் எட்ட வேண்டும். பஞ்சர் ஆனால் பெட்டியை எளிதில் கழற்றவும் முடிய வேண்டும்.

இடப்பெட்டிக்கு இடம் வேண்டி, பின்சக்கரத்தின் பக்கவாட்டுத் தடுப்பான சேலை கார்டைக் கழற்றி எறிவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. துணையை ஏற்றிச் செல்லும் வண்டியில் இதில் எந்தச் சமரசமும் கூடாது.

அனுபவமுள்ள புல்லட் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, சட்டம் பொருத்தும் முறையைத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வரைபடத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
நாமக்கல்.