அந்த ஜூலை மாதத்துச் சங்கிலி

செம்பூர், மும்பை

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், எனக்கும் பேச்சு வருவதில்லை. பட்டறையை மூடுவதா, லேத்தை அடகு வைத்து ஆறு பேருக்கும் சம்பளம் போடுவதா என்று மூன்று வாரமாகத் தவிக்கிறாய். “நாட்டையே நடத்துகிறவர்கள் எப்படித்தான் முடிவெடுக்கிறார்களோ” என்றாயே, அதிலிருந்து 1991 ஞாபகமாகவே இருக்கிறேன்.

அப்போது நாட்டிடம் இருந்த டாலர் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். சந்திரசேகர் காபந்து பிரதமர். ராஜீவ் காந்தி கொலையுண்டு தேர்தலே தள்ளிப்போன மே மாதம். அந்த நிலையிலும் 20 டன் தங்கம் சுவிஸ் வங்கிக்குப் போனது. ஜூனில் நரசிம்ம ராவ் வந்தார். வேறு கட்சி, ஆனால் பாதையை மாற்றவில்லை. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம், டாலர் கடனுக்கு அடகாக, நம் பம்பாயிலிருந்தே லண்டனுக்கு விமானம் ஏறியது. லோக்கல் ரயிலில் பேப்பர் படித்த ஒரு பெரியவர், “தாலியை வைத்த மாதிரி இருக்கிறது” என்றார். வண்டியே பேசாமல் இருந்தது.

அதே மாதம்தான் உனக்கு டைபாய்டு. அம்மா ரெட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக்கடைக்காரர் உரைகல்லில் உரசியபோது தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராவ் தயங்காதவர் என்று நினைக்காதே. ஜூலை 1-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டாவது குறைப்பை நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். 3-ஆம் தேதி காலை நிதி அமைச்சர் மன்மோகன் சிங், ரிசர்வ் வங்கித் துணை கவர்னர் ரங்கராஜனைக் கூப்பிட்டு, நிறுத்த முடியுமா என்று கேட்டார். அதற்குள் அறிவிப்பு போய்விட்டது. ஆனால் வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை தவறக் கூடாது என்பதை மட்டும் இரண்டு அரசுகளுமே விட்டுக்கொடுக்கவில்லை. அதை முதலில் உறுதி செய்துகொண்டார்கள். அப்புறம்தான் எதை அடகு வைப்பது என்ற பேச்சு. லண்டன் கடனும் அந்த வருடமே அடைந்தது.

நீயும் அந்த வரிசையில் யோசித்துப் பார், கண்ணு. லேத்தை மீட்கலாம். பதினோரு வருடம் உன்னோடு நின்ற ஆட்களை அனுப்பிவிட்டால் அவர்களைத் திரும்பக் கூப்பிட உனக்கு வாய் வருமா? எனக்கு வராது.

சங்கிலியை மறு வருடம் தீபாவளிக்கு முன்பே மீட்டுவிட்டோம். இன்று காலை அம்மா அதை பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து என் பையில் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை ரயிலில் கோவை வருகிறோம். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், நீ பட்டறையிலேயே இரு.

அப்பா