தகட்டில் படிந்த பிசுக்கு

டிரெஸ்டன்,
17.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். இங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. ஜன்னலில்லாத ஆய்வுக்கூடத்தில் பகல் கழிவதால், வார நாட்களில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம்.

என் லேசர் வேலையால் தம் நண்பரின் புற்றுநோய்க்குச் சிகிச்சை கிடைக்குமா என்று பெரியப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். புற்றுக்கட்டியை அழிக்கப் புரோட்டான் கதிரைப் பயன்படுத்துகிறார்கள்; அந்தக் கதிரை லேசரால் உண்டாக்கிப் பார்ப்பதே எங்கள் வேலை. நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ரோசன்டார்ஃபில் உள்ள டிராகோ என்னும் பெட்டாவாட் (ஆயிரம் டிரில்லியன் வாட்) லேசரின் ஒளித்துடிப்பு ஏறத்தாழ 30 ஃபெம்டோ விநாடிதான் நீடிக்கும்; ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியை ஆயிரம் டிரில்லியனாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அதை மிக மெல்லிய தகட்டின் மேல் சில மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவித்தால், எலெக்ட்ரான்கள் சூடேறித் தகட்டின் பின்புறமாகப் பாய்ந்து வெளியேற, அங்கே மீட்டருக்கு டிரில்லியன் வோல்ட் அளவில் எழும் மின்புலம் பரப்பிலுள்ள அயனிகளைப் பிடுங்கி எறிகிறது. வேடிக்கை என்னவென்றால், உலோகத் தகட்டை வைத்தாலும் முந்திக்கொண்டு வருவது புரோட்டான்தான். அம்மா எவ்வளவு தேய்த்தாலும் வடைச்சட்டியில் தங்கிவிடும் பிசுக்கைப் போல, வெற்றிடக் கலத்துக்குள்ளும் தகட்டை விடாத நீரிலும் எண்ணெயிலும் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு அது.

எங்களுக்குப் பெரும்பாடு வேறிடத்தில். முக்கியத் துடிப்புக்குச் சற்று முன்னால் கசியும் ஒளியே தகட்டைச் சிதைத்துவிடும் என்பதால், அதை வடிகட்டப் பிளாஸ்மா ஆடி வைக்கிறோம்; வலுவான ஒளி பட்டால் மட்டுமே கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் தட்டு அது. ஒரு ஷாட் (லேசரை ஒருமுறை பாய்ச்சுவது) முடிந்து கலத்தைத் திறந்தால், புரோட்டான் பட்டால் நிறம் மாறும்படி அடுக்கிவைத்த படலங்களில் நீலம் பாய்ந்திருக்கும்; எத்தனையாவது படலம் வரை நீலம் இறங்கியது என்பதைக் கொண்டே புரோட்டான்களின் ஆற்றலைக் கணக்கிடுகிறோம். அந்த அடுக்கைப் பிரிக்கும்போது அறையில் யாரும் பேசுவதில்லை.

2000-இல் அமெரிக்காவின் லிவர்மோரில் புரோட்டானின் ஆற்றலை 58 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை கண்டார்கள். இங்கே 150 எட்டிய முடிவு இவ்வாண்டு வெளியானது. எலிகளின் கட்டிக்கு இக்கதிரைச் செலுத்திய ஆய்வும் 2022-இல் வந்துவிட்டது. ஆனால் ஆழத்திலுள்ள கட்டிக்கு 200-க்கு மேல் தேவைப்படும். அதோடு எங்கள் புரோட்டான்களின் ஆற்றல் ஒரே சீராக இல்லை, ஷாட்டுக்கு ஷாட் மாறவும் செய்கிறது. ஆகவே பெரியப்பாவின் நண்பர் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். 2019 முதல் சென்னைத் தரமணியிலேயே சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கி கொண்டு புரோட்டான் சிகிச்சை தருகிறார்கள், அது தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கட்டும்.

கதிர்வீச்சை எண்ணி அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஷாட்டின்போது அந்த அறைக்குள் ஒருவரும் இருப்பதில்லை. தடித்த கான்கிரீட் சுவருக்கு இப்பால் உட்கார்ந்து திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
தங்கள் மகள்