என்எம்ஓ நோயாளிகளுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ், ஷோக்ரன் நோய்கள் உள்ளவர்களில் சிலருக்குக் கூடவே என்எம்ஓ (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா) என்ற நரம்பு நோயும் வருகிறது. அக்குவாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிராக உடலே உருவாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. இந்த ஆண்டு அவர்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நோயாளிகள், குடும்பத்தினர் சார்பில் நன்றி.

நாள்கணக்கில் நிற்காத விக்கலையும் வாந்தியையும் இரைப்பைக் கோளாறு என்று தள்ளிவிடாமல் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்ன மருத்துவர்களுக்கு முதல் வணக்கம். மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடம் அழற்சியுற்றால் இப்படித்தான் தொடங்கும். பிளாஸ்மா மாற்றத்துக்கு (ஆன்டிபாடி கலந்த ரத்தத் திரவத்தை இயந்திரத்தால் பிரித்தெடுத்து, வேறு திரவம் ஏற்றும் சிகிச்சை) முன்பே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவைத்த ஆய்வகத்தினருக்கும் நன்றி. பிறகு எடுத்தால் ஆன்டிபாடி குறைந்து, முடிவு தவறாக நெகட்டிவ் என்று வரலாம்.

மீத்தைல்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 1 கிராம் ஏற்றியும் தேறாதவர்களுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் 5 முதல் 7 முறை பிளாஸ்மா மாற்ற வேண்டியிருந்தது. நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் இயந்திரத்தை ஓட்டினார்கள் டெக்னீஷியன்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல்நுனி மரத்துப்போவது கால்சியம் குறைவதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. ஆனால் கழுத்துத் தண்டுவடம் பாதித்தவருக்கு விரல் ஏற்கெனவே மரத்திருக்குமே! அதனால் “உதடு மரமரன்னு இருக்காம்மா?” என்று அடிக்கடி கேட்டு, வேகத்தைக் குறைத்து, கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றினார்கள். இந்த அக்கறை எந்த ரிப்போர்ட்டிலும் பதிவாகாது.

வெளியேற்றிய பிளாஸ்மாவுக்கு ஈடாக ஏற்றும் ஆல்புமின் (ரத்தப் புரதக் கரைசல்) வாங்க முடியாத குடும்பங்களுக்குப் பிளாஸ்மா தந்த ரத்த வங்கிக்கும் கொடையாளர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு முறைக்கு ஏறக்குறைய 2 லிட்டர், அதாவது 200 மில்லி பையில் 10 பை வேண்டும்.

இரவுப்பணிச் செவிலியர்கள் 2 மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தார்கள். சிறுநீர்ப்பையில் 500 மில்லிக்கு மேல் தேங்கவிடவில்லை. தண்டுவடம் பாதித்தவருக்குச் சிறுநீர் தேங்கினாலே பிரஷர் ஆபத்தாக ஏறலாம். தலைவலி, வியர்வை, திடீரென்று ஏறிய பிரஷர் என்றதும் மாத்திரையைத் தேடாமல், நிமிர்த்தி உட்காரவைத்து, மடங்கிக் கிடந்த சிறுநீர்க் குழாயை நேராக்கினார்களே, அதுதான் சரியான முதலுதவி.

எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற வேறொரு நரம்பு நோய் என்று எண்ணி எழுதப்பட்ட பீட்டா இன்டர்ஃபெரான் மருந்து என்எம்ஓவை மோசமாக்கும் என்று மருத்துவரிடம் எடுத்துச்சொன்ன மருந்தாளுநர்களுக்கும், எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்துக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையைத் தவறவிடாதவர்களுக்கும் நன்றி.

நோய் திரும்பாமலிருக்கத் தரும் அசாதயோபிரின் மாத்திரை முழுமையாக வேலைசெய்யச் சில மாதங்கள் ஆகும். உடம்பு தேறிவிட்டதென்று அதற்குள் தாங்களாகவே ஸ்டீராய்டை நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பத் தாக்கும் ஆபத்து அதிகம். மாதந்தோறும் போன் செய்து, மருந்தை நிறுத்திவிடவில்லையே என்று கேட்கும் தன்னார்வலர்களே, அந்த அழைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.