வறுக்கச் சொன்னீர்கள், வறுத்தேன்: சிலிக்கா ஜெல் டின் பற்றி நான்காவது கடிதம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கேமரா டப்பாவில் ஈரத்தை உறிஞ்ச வைப்பதற்கு, சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம் என்று விற்ற நீல மணி (சிலிக்கா ஜெல்) டின்கள் இரண்டு

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி." நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் செய்தேன். இந்த முறை நிதானமாக, முதலிலிருந்து எழுதப் பார்க்கிறேன்.

உங்கள் குறிப்புத்தாளில் இருப்பது ஒரே வரி. "மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் நன்கு சூடாக்கி மீண்டும் பயன்படுத்தவும்." நன்கு என்றால் எவ்வளவு? டிகிரி இல்லை, நேரம் இல்லை. இருமல் மருந்து பாட்டிலில்கூட எத்தனை ஸ்பூன் என்று போட்டிருப்பார்கள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மீது எனக்கு வருத்தமில்லை. "250 டிகிரி, மூணு மணி நேரம் வைங்க சார்" என்றார். வைத்தேன். வெளியே எடுத்தபோது மணிகள் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, கரிபிடித்த பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி ஒரு நிறம். ஈரம் ஏறினாலும் அதே நிறம், காய்ந்தாலும் அதே நிறம். காய்ந்தால் நீலம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டும் கோபால்ட் குளோரைடு அந்தச் சூட்டைத் தாங்காது என்பது அதைச் சேர்த்து விற்கிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த போனில் கிடைத்தவரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நான் பேசி முடிப்பதற்குள், "சார், நீங்க சரியா காய வைக்கல. இரும்புச் சட்டியில போட்டு அடுப்பை ஃபுல்லா வச்சு வறுங்க. சூடு ஏற ஏற ஈரம் போகும், இது ஸ்கூல் பையனுக்கே தெரியும்" என்றார். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. நானும் வறுத்தேன், புத்தி கெட்டுப்போய். மணிகள் பட் பட்டென்று வெடித்துச் சட்டிக்கு வெளியே தெறித்தன. பாதி பொடியாகிவிட்டது. கோபால்ட் குளோரைடை ஐரோப்பிய ஒன்றியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வகையில் வைத்திருக்கிறது. அதைச் சமையல் அடுப்பில் வறுக்கச் சொன்னவர் உங்கள் ஆள். அந்தச் சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஸ்கூல் பையனுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். சூடேற்றினால் ஈரம் போகும், உண்மைதான். ஆனால் ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் நுண்துளைச் சுவரையெல்லாம் விரித்தால் 600, 700 சதுர மீட்டர் வரும். அந்தச் சுவரில் சிலிக்கானோடு ஒட்டிய ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) முனைகள்தான் நீரைப் பிடித்து வைப்பவை. 120 டிகிரியில் பிடித்த நீர் போகும், முனைகள் நிற்கும். 200-ஐத் தாண்டினால் பக்கத்துப் பக்கத்து முனைகளே ஒன்றோடொன்று சேர்ந்து நீராகக் கழன்று போக ஆரம்பிக்கும். 400 வரைக்கும் போனது ஈரம் பட்டு மெல்லத் திரும்பக்கூடும். அதற்கு மேலே போனது திரும்புவது கஷ்டம், மணி நீரை ஒதுக்கும் பொருளாக மாறிவிடும். இன்னும் ஏறினால் துளைகளே சுருங்கி அடைபட்டுவிடும். "எடை குறைஞ்சா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றும் வறுக்கச் சொன்ன அதே ஆள் சொன்னாரே, ஈரம் போனாலும் எடை குறையும், ஈரத்தைப் பிடிக்கிற முனை போனாலும் எடை குறையும். எது போனது என்று அவர் தராசு சொல்லுமா?

என் தராசு சொன்னது. புது மணி 200 கிராமை ஈரத்துணியோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்தேன், 262 ஆயிற்று. வறுத்த மணியை அதே டப்பாவில் அதே இரண்டு நாள் வைத்தேன், 221. இரண்டாவது டின்னை நானே 120 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து, மூடிய ஜாடியில் ஆறவிட்டு அளந்தேன், 260. பளிச்சென்ற நீலமும் திரும்பியது. ஆறவிட்டது ஏன் என்றால், சூடான மணி ஈரத்தை இழுக்காது. "சூட்டோட சூடா கேமரா டப்பாவுல போட்டு மூடுங்க" என்றதும் அதே புண்ணியவான்தான். அப்படிப் போட்டதில் டப்பா முழுக்க அனல் அடித்தது.

லென்ஸ் பற்றி இன்னும் சொல்லவில்லை. அந்தக் கேமரா டப்பாவில் இருந்த மூன்று லென்ஸிலும் பூஞ்சை. பதினைந்து வருட உழைப்பு நாசம், இனி நான் கேமராவைத் தொடப்போவதில்லை. (ஒன்றில்தான் நூல் நூலாகப் படர்ந்திருக்கிறது, மற்ற இரண்டில் ஓரத்தில் புள்ளி. ஆனாலும் மூன்றுதான்.)

உங்கள் சேவை மையத்துக்கு இரண்டு பஸ் மாறி, அரை நாள் லீவு போட்டு வந்ததை எப்படி மறப்பேன்? வறுத்த டின்னைக் கொடுத்தேன். மேஜையில் இருந்தவர் மூடியைக் கழற்றி எடை போட்டார், மின்விசிறிக்குக் கீழே திறந்தபடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து மறுபடி எடை போட்டு, "பாருங்க, நாலு கிராம் ஏறியிருக்கு, வேலை செய்யுது" என்றார். வேலை செய்கிறதா என்றா கேட்டேன்? எவ்வளவு செய்கிறது என்றல்லவா கேட்டேன்!

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது அதிகமில்லை. கெட்டுப்போன டின்னுக்கு மாற்று, லென்ஸ் சுத்தம் செய்யும் செலவு, குறிப்புத்தாளில் 120 டிகிரி என்ற ஒரு எண், அந்த மனிதரிடமிருந்து ஒரு வரி மன்னிப்பு. 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன். எடைக் குறிப்பு, வெடித்த மணிகள், போன் செய்த தேதிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: நான் விட்டுவந்த டின் இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கும். தயவுசெய்து யாராவது அதை மூடி வையுங்கள்.