பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் கார்டு வாங்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்து வாலிபர் ஊழியம் செய்யும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் பேருந்து நிலையத்தில் உங்கள் குழுவினர் பள்ளிப் பிள்ளைகளிடம் பெயரும் எண்ணும் எழுதும் ஜெபக் கார்டு வாங்கியதும், விஷயம் காவல் நிலையம் வரை போனதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் வேன் கிளம்பிப் போன பிறகு இங்கே ஒரு வீட்டில் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. எங்கள் தெருதான். கணக்குக்கு என்னிடம் டியூஷன் வருவாள். பொதுத்தேர்வு நெருங்கிய நேரம், பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நின்றவளிடம் உங்கள் குழுவினர், "பரீட்சைக்காக ஜெபிக்கிறோம்மா, பேரும் நம்பரும் எழுதிக் கொடு" என்று ஒரு கார்டை நீட்டியிருக்கிறார்கள். தேர்வு பயத்தில் இருக்கும் பிள்ளை, யார் ஜெபித்தாலும் நல்லதுதானே என்று எழுதிவிட்டாள். பெயர், வகுப்பு, பள்ளி, கைபேசி எண். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'இன்று இயேசுவை என் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கட்டம். டிக் போடச் சொன்னார்கள், போட்டாள். அவளிடம் ஏது கைபேசி? எழுதியது அப்பாவின் எண். ராத்திரி அந்த எண்ணுக்கு உங்கள் ஆள் கூப்பிட்டு, "தங்கச்சி எடுத்த தீர்மானத்துக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம்" என்றிருக்கிறார்.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க அவள் அம்மா விரதம் இருந்த சமயம் அது. அந்த வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அவளுடைய அப்பத்தா என் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "டீச்சர், உங்களை நம்பித்தானே பிள்ளையை அனுப்புனோம்?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அந்தக் கார்டுக்கும் சம்பந்தமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நானும் கிறிஸ்தவள்தானே, எப்படி நம்புவார்? அன்றோடு டியூஷன் நின்றது. முக்கோணவியலைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் அவள் தேர்வுக்குப் போனாள். இப்போது தெருவில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள்.

தயவுசெய்து, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் கார்டு வாங்காதீர்கள்.

சுவிசேஷம் சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதுவே உயிர். மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு உரிமை தருகிறது. அதே உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்தோம். 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏமாற்றியோ ஆசை காட்டியோ நாங்கள் யாரையும் சேர்ப்பதில்லை என்றுதானே அப்போது தைரியமாகப் பேசினோம்? பரீட்சை ஜெபம் என்று சொல்லி, தீர்மான அட்டையில் ஒரு சிறுமியிடம் டிக் வாங்கிவிட்டு, இனி எந்த முகத்தோடு அதைச் சொல்வது? போதாததற்கு, 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களை டிஜிட்டலாகச் சேகரித்துக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. கார்டில் வாங்கிய எண்களை நீங்கள் கைபேசியில்தான் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

சட்டம் கிடக்கட்டும். வேதத்தில் இயேசு உயிரோடு எழுப்பிய யவீருவின் மகளை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு வயது 12. தகப்பன் வந்து காலில் விழுந்து கூப்பிட்ட பிறகுதான் ஆண்டவர் அந்த வீட்டுக்குப் போனார். அழுது புலம்பிய கூட்டத்தை வெளியே அனுப்பினார். ஆனால் பிள்ளையின் தகப்பனையும் தாயையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் அவள் கிடந்த இடத்துக்குள் நுழைந்தார். அவரைவிட அவசரம் உங்களுக்கு எதற்கு?

1693இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த போர்த்துகீசிய மிஷனரி அருளானந்தர் காவி உடுத்தி, தமிழ் படித்து, மறவர் நாட்டில் ஊர் ஊராக நடந்தவர். இன்றைக்கும் அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் ஓரியூர்ச் செம்மண்ணைத் தேடி இந்துக் குடும்பங்களும் போகின்றன. நீங்களோ ஒரு சாயங்காலம் வருகிறீர்கள். சீருடையோடு கண்மூடி நிற்கும் பிள்ளைகளைப் படம் எடுத்து, 'இத்தனை ஆத்துமாக்கள்' என்று வாட்ஸ்அப்பில் போட்டு, காணிக்கை கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. மறுநாள் அவர்களோடு பள்ளிக்குப் போகிறவர்கள் எங்கள் சபைப் பிள்ளைகள். பேச்சு கேட்பவர்களும் அவர்கள்தான்.

கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் கேட்பது பணிவாகத்தான். பெரியவர்களிடம் தாராளமாகப் பேசுங்கள். வீடுகளுக்குப் போக வேண்டுமென்றால், கூப்பிடும் வீட்டுக்கு நானே உங்களோடு வருகிறேன். வருமுன் உள்ளூர்ப் போதகர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும், பெற்றோருக்குத் தெரியாமல் கார்டு வாங்காதீர்கள். எடுத்த படங்களை நீக்கிவிடுங்கள்.

அப்புறம், அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். எதில் டிக் போடுகிறோம் என்று உங்கள் மகளுக்குத் தெரியாது, நாங்கள் தெளிவாகச் சொல்லவில்லை, டியூஷன் டீச்சருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லி, அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதன் பிறகு அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
காரைக்குடி