அம்மாவை அந்தப் படம் பார்க்க வைத்தவர்களுக்கு

போபால் பெல் (BHEL) நிறுவனக் குடியிருப்பின் பிப்லானியில் டிசம்பர் 2 இரவு எங்களோடு உட்கார்ந்து 1984-இல் யூனியன் கார்பைடு தொழிற்சாலையில் விஷவாயு கசிந்த இரவைப் பற்றிய 'போபால் எக்ஸ்பிரஸ்' இந்திப் படத்தைப் பார்த்த எல்லோருக்கும், அதற்கு முந்தைய இரண்டு மாதம் எனக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது 1979-இல். காய்கறி வாங்க, பஸ் ஏற வேண்டிய இந்தி வந்துவிட்டது. சினிமா இந்தி வரவில்லை. 1999-இல் வந்த இந்தப் படத்தை அதனாலேயே பார்க்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சரி, தமிழில் வசனம் எழுதித் திரைக்குக் கீழே ஓடவிடலாம் என்று ஆரம்பித்தேன். தனியாக முடிகிற வேலை இல்லை அது.

முதல் நன்றி பக்கத்து வரிசை வீட்டுக் கெமிக்கல் என்ஜினீயர் மாமாவுக்கு. கசிந்த விஷமான மீதைல் ஐசோசயனேட், அதைச் சேமித்திருந்த இ-610 தொட்டி என்றெல்லாம் எழுதி எடுத்துப் போனேன். அவர் ஒரு தாளில் படம் போட்டார். தொட்டிக்குள் தண்ணீர் போனது, சூடேறியது, அழுத்தம் கூடியது. குளிரூட்டும் இயந்திரம் பல மாதமாக நிறுத்தி வைத்திருந்தது. வாயுவைக் காஸ்டிக் சோடாவால் முறிக்கிற ஸ்கிரப்பர் கைகொடுக்கவில்லை. மிச்சத்தை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஏறக்குறைய 40 டன் ஊருக்குள் இறங்கியது. "விபத்துன்னு மட்டும் எழுதிடாதே" என்றார் மாமா. எழுதவில்லை.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணனுக்கு அடுத்த நன்றி. படத்தில், நோன்புக்காக வெளியூர் போன தாரா ரயிலில் திரும்பி வருவாள். அந்த ரயிலை நிறுத்த அவள் கணவன் வர்மா அலைவான். லைன் கிளியர், சிக்னல், கார்டு எல்லாம் எந்த இடத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று அண்ணன்தான் திருத்தினார். அப்படியே குலாம் தஸ்தகீரைப் பற்றியும் பேச்சு வந்தது. அன்றிரவு போபால் ஸ்டேஷனில் பணியில் இருந்த துணை நிலைய அதிகாரி அவர். நின்றிருந்த எக்ஸ்பிரஸை நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பியவர். நுரையீரல் கெட்டு, 2003-இல் இறந்துபோனார். வர்மாவாக நடித்த கே.கே. மேனன்தான் 24 வருடம் கழித்து அதே இரவைப் பற்றிய 'தி ரயில்வே மென்' தொடரில் ஸ்டேஷன் மாஸ்டராகவும் வருகிறார் என்று சொன்னபோது, அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இவ்வளவு பெரிய சாவை ஒரு புதுமணத் தம்பதியின் கதையாகச் சுருக்கலாமா என்று சிலருக்குக் குறை. எனக்கு இல்லை. வர்மா அந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர். அதை மனதார நம்புகிறவன். நஸீருத்தீன் ஷாவின் பஷீர் அங்கே வேலை பார்த்து வெளியே வந்தவன்; அவனுக்கு நம்பிக்கை இல்லை. இந்த இருவர் நடுவில்தான் 1984-இன் போபால் முழுக்க இருந்தது.

ஜே.பி. நகரில் இருந்து வந்த காலா (சித்தி, பெரியம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தொழிற்சாலைக்கு எதிர்ப்புறத்தில் வீடு. அன்று உங்களுக்குப் பதினாறு வயது. யாரோ மிளகாய் வற்றலை எரிக்கிறார்கள் என்று நினைத்து எழுந்தோம் என்றீர்கள். நான் 'எரிச்சல்' என்று எழுதியிருந்தேன். அடுப்படியில் இருந்து அம்மா, "எரிச்சல் இல்லடா, கமறல்" என்றார். படம் முழுக்க அந்தச் சொல்தான் இப்போது ஓடுகிறது.

அன்றைக்குத்தான் அம்மா முதல் தடவை அந்த இரவைப் பற்றிப் பேசினார். எங்கள் குடியிருப்பு ஊரின் கிழக்குப் பக்கம்; காற்று இந்தப் பக்கம் திரும்பவில்லை. காலையில் விஷயம் தெரிந்து அப்பா, தெருவில் நாலு பேரோடு பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஹமீதியா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் அந்த வாரம் முழுக்கத் தட்டு முன்னால் உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தாராம். அங்கே என்ன பார்த்தார் என்று அம்மா கேட்கவில்லை. அவரும் சாகும்வரை சொல்லவில்லை. இத்தனை வருடம் படத்தைத் தள்ளி வைத்ததற்குக் காரணம் இந்தி இல்லை.

படம் முடிந்ததும் காலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இருவருக்கும் முழுசாகப் பேச ஒரு பொது மொழி கிடையாது. ஒரு மணி நேரம் பேசினார்கள்.

எழுத்துப் பிழை பார்த்த தமிழ் டீச்சர், வரி ஒவ்வொன்றையும் நேரத்தோடு பொருத்திய கல்லூரித் தம்பிகள் இருவர், மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்டவர், நாற்காலி சுமந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி.

காலா, இதை இந்தியில் உங்களுக்கு நானே படித்துக் காட்டுவேன். நீங்கள் பலகாரம் கொண்டு வந்த எவர்சில்வர் டப்பா எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் டப்பாவாகத் திருப்பித் தர அம்மாவுக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிரசத்தோடு இரண்டு பேரும் வருகிறோம்.